உள்ளூர் சேனலில் வாரம் அரைமணி நேரம் வேண்டி மனு

அனுப்புநர்:
ஊர்ப் படிப்பக உறுப்பினர்கள்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: கேபிள் டிவி உள்ளூர் சேனல்களில் மாவட்டத்தின் கலை, வரலாறு, பேச்சுவழக்கு குறித்த நிகழ்ச்சி ஒளிபரப்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். ஆன்டெனா காலத்தில் கம்பியை எந்தப் பக்கம் திருப்பினாலும் திருவனந்தபுரம்தான் தெளிவாக வரும். இன்று சேனல்களுக்குக் குறைவில்லை. ஆனால் தமிழ் டிவியில் எங்கள் பேச்சு கேட்பது பெரும்பாலும் காமெடியில்தான். மரவள்ளிக்கிழங்கை மரச்சீனி என்றும் பலாப்பழத்தைச் சக்கை என்றும் சொன்னால் போதும், "நீங்க மலையாளமா?" என்று ஒரு சிரிப்பு. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த மண் இது. 1956 நவம்பர் 1-இல் சேர்ந்தோம். அந்த நாட்களில் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கே இப்போது எண்பது ஆகிவிட்டது. அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்ய இனி அதிக நாள் இல்லை.

வில்லுப்பாட்டும் அப்படித்தான். கொடை என்னும் கோயில் திருவிழா நாளில், பாட்டை நடத்தும் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்ட, குடமும் உடுக்கும் சேர, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட, கதை விடிய விடிய நகரும். கதை சூடு பிடிக்கிற இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். அந்த நேரம் பார்த்துப் பாட்டை ஏற்றுவதும் இறக்குவதும் புலவரின் கைவரிசை. அரசு விழா மேடையில் இருபது நிமிடத்தில் முடித்தால் இது எதுவும் தெரியாது. ஒரு கதையையாவது முழுதாகப் படம்பிடித்து, வாரம் ஒரு பகுதியாகக் காட்ட வேண்டும்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் திருவனந்தபுரம் புறப்படுவதை அந்தப் பக்கத்துச் சேனல்கள் நேரலையாகக் காட்டுகின்றன. அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்டது என்பது இங்குள்ள நம்பிக்கை. நம் உள்ளூர் சேனலிலோ அந்த நேரம் நகைக்கடை விளம்பரமும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடும். உதயகிரிக் கோட்டையில் டச்சுக் கம்பெனிப் படையில் வந்து பிறகு திருவிதாங்கூர்த் தளபதியான டிலனாயின் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

செலவு பெரிதில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் பட்டியலில் கலைஞர்கள் இருக்கிறார்கள். மக்கள் தொடர்பு அலுவலர் மூலம் கேபிள் ஆபரேட்டர்களை அழைத்துப் பேசி, சனிக்கிழமை இரவு அரைமணி நேரம் ஒதுக்கித் தரவும், பதிவுகளின் ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் வைக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். பேசுகிறவர்கள் எங்கள் வழக்கிலேயே பேசட்டும். தயவுசெய்து யாரும் அதைத் திருத்த வேண்டாம்.

வரும் நவராத்திரிப் புறப்பாட்டுக்கு முன் தொடங்க முடிந்தால் நல்லது. ஆள் உதவிக்குப் படிப்பக இளைஞர்கள் தயார்.

இப்படிக்கு,
படிப்பக உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)