மாடியில் சனிக்கிழமை செஸ்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறவர்கள், "மாடியில என்ன கூட்டம், சீட்டுக் கம்பெனி எதுவும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்கிறீர்கள். இல்லை, செஸ் ஆடுகிறார்கள். பில் போடும்போது ஒவ்வொருவருக்கும் விளக்கி முடியவில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறோம்.

நோட்டு, பேனாவோடு செஸ் போர்டும் நெடுநாளாக விற்கிறோம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனபோதும் கேட்டு வந்தவர்கள் அதிகம். கொஞ்ச நாள் கழித்து விசாரித்தால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "கூட ஆட ஆளில்ல." செங்கோட்டையில் செஸ் ஆட ஆளில்லை என்பதை எங்களால் நம்ப முடியவில்லை.

ஆளைக் காட்டிக் கொடுத்தது கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பா. உடைந்த பெட்டிகளில் மிஞ்சிய காய்களை அதில் போட்டு வைப்போம். முழு செட் வாங்குகிறவர்களில் பலர் பிறந்தநாள் பரிசுக்குத்தான் வாங்குகிறார்கள். "ஒரே ஒரு கறுப்புச் சிப்பாய் கிடைக்குமா?" என்று வருகிறாரே, அவர்தான் ஆடுகிறவர். ஆடினால்தானே காய் தொலையும்! புளியங்கொட்டையைச் சிப்பாயாக வைத்து ஆடி அலுத்த பிறகுதான் அவர் படியேறியிருப்பார். அப்படி வந்தவர்களை, "சில்லறையாத் தர்றதில்ல" என்று பல வருடம் திருப்பி அனுப்பியிருக்கிறோம். தப்பு எங்களுடையதுதான்.

தைப்பொங்கலுக்குப் பிறகு காயைச் சும்மா கொடுத்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் ஊரும் எழுதி வாங்கினோம். ஆறு மாதத்தில் பதினேழு பேர் சேர்ந்தார்கள். புளியரையில் மாடு வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற வாத்தியார், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், இரண்டு கல்லூரிப் பெண்கள். இதில் வாத்தியாரும் மூட்டைக்காரரும் ஒரே தெரு. ஒருவர் ஆடுவது மற்றவருக்குத் தெரியாது. அதனால் எல்லோரையும் சனிக்கிழமை மாடிக்கு வரச் சொன்னோம்.

கேரளத்து ஆரியங்காவிலிருந்து ஒருவர் போன் செய்து, கறுப்பில் ஓர் 'ஆன' வேண்டும் என்றார். நாங்களும் யானையைப் பொட்டலம் கட்டி பஸ்ஸில் வந்த தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினோம். மறுநாள் அவரே நேரில் வந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "எனிக்குத் தேர் எந்தினா? ஆனயல்லே சோதிச்சது?" எனக்குத் தேர் எதற்கு, ஆனைதானே கேட்டேன் என்கிறார். நாம் மூலையில் நிறுத்துகிற யானை அவர்களுக்குத் தேர். கோணலாகப் போகிற பிஷப்தான் அவர்களுக்கு ஆனை. இதில் மந்திரி வேறு: நம் பிள்ளைகள் பிஷப்பை மந்திரி என்பார்கள், அவருக்கு ராணிதான் மந்திரி. 1956 வரை நாமும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான், இருந்தும் இத்தனை குழப்பம். இப்போது மாடிச் சுவரில் காய்களின் படம் ஒட்டி, பக்கத்தில் இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறோம். ஒட்டியதற்குப் பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது.

மீதிச் சண்டை பழைய ஆட்டக்காரர்களால் வருவது. அவர்கள் கணக்கில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது (ராஜாவையும் யானையையும் ஒரே தடவையில் நகர்த்துவது) கிடையாது, அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவலாம். அது தப்பான ஆட்டமில்லை, நம் நாட்டு ஆட்டம். ஜன்னலோரப் பலகையை அதற்கென்றே விட்டிருக்கிறோம். மற்றப் பலகைகளில் இன்றைய சர்வதேச விதிதான். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும்.

நேரம் ஐந்திலிருந்து ஏழரை. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பஸ் பிடிக்க வேண்டுமே. ஆளுக்கு 15 நிமிடம், நாலு சுற்று, சுவிஸ் முறை: தோற்றவர் வெளியே போக வேண்டாம், ஒரே அளவு புள்ளி எடுத்தவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள். கடிகாரம் நான்குதான் இருக்கிறது, மற்றவர்கள் போனிலேயே ஓட்டிக்கொள்கிறார்கள். போனில் மட்டும் ஆடிப் பழகியவர்கள் முதல் வாரம் தோற்றால் சங்கடப்பட வேண்டாம். திரையில் மேலிருந்து பார்த்த கண்ணுக்கு, நிஜப் பலகையில் தூர மூலையில் நிற்கும் பிஷப் லேசில் தெரியாது. எங்கள் மகனே அப்படித்தான் ராணியைப் பறிகொடுத்தான்.

கட்டணம் இல்லை, டீச்செலவு அவரவருடையது. பந்தயம் கட்டினால் அன்றைக்கே வெளியே. திருச்சூர்ப் பக்கம் மரோட்டிச்சாலில் ஒரு டீக்கடைக்காரர், குடியிலும் சீட்டிலும் கிடந்த ஊருக்கு செஸ் சொல்லிக்கொடுத்தார். அதை இங்கே சூதாட்டமாக மாற்ற நாங்கள் தயாரில்லை. பிள்ளைகளுக்கு ரேட்டிங் (போட்டிகளில் ஆடிப் பெறும் தரப்புள்ளி) வேண்டும் என்கிறவர்கள் நல்ல பயிற்சியாளரிடம் போவதே சரி. இங்கே ஆட்டம் மட்டும்தான்.

பண்பொழி, இலஞ்சிப் பக்கம் திண்ணையில் தனியாகக் காய் நகர்த்துகிறவர் யாரையாவது தெரிந்தால் எங்கள் கடையைச் சொல்லுங்கள். மாடிப்படி குறுகல், மேல்படியில் தலையைக் குனிந்து வரச் சொல்லுங்கள். டப்பாவில் வெள்ளைக் குதிரை தீர்ந்துவிட்டது. உங்கள் வீட்டில் ஒன்று உபரியாகக் கிடந்தால் கொடுத்தனுப்பினால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்
செங்கோட்டை