மாத்திரையா, மாத்திரை போட வைத்த காய்ச்சலா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மகள் வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில் எனக்கு நல்ல காய்ச்சல். பாராசிட்டமால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போடலாம் என்றார் டாக்டர். வேண்டாம் என்றார் மாமியார். கடைசியில் பாதி மாத்திரை போட்டேன். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், கர்ப்பிணிகள் போடும் அந்த மாத்திரையையும் பிள்ளைகளுக்கு வரும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசினார். அப்புறம் ஒரு வாரம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகள் திரும்புகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தபோது மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் லேசான தொடர்பு தெரிந்தது. ஒரே தாய் மாத்திரை போட்டுப் பெற்ற பிள்ளையையும் போடாமல் பெற்ற பிள்ளையையும் ஒப்பிட்டதும் அது காணாமல் போனது. மாத்திரை மேல் விழுந்த பழி, குடும்பத்தில் ஓடும் மரபணுவுக்கோ தாயின் உடல்நிலைக்கோ உரியதாக இருக்கலாம்.

இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க மரபணு ஆய்வு உதவும். வேறொரு மருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்: சிலருக்கு ரத்த அழுத்த மாத்திரை செய்யும் வேலையை ஒரு மரபணு மாற்றம் பிறவியிலேயே கொஞ்சம் செய்துவிடுகிறது. அப்படிப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தால், எந்தக் கர்ப்பிணியையும் சோதனைக்கு உட்படுத்தாமலே ஒரு துப்பு கிடைக்கும். ஆனால் தாயின் மரபணுவில் பாதி பிள்ளைக்கும் போகிறதே! பிள்ளையிடம் தெரியும் விளைவு தாயின் மரபணுவால் வந்ததா, பிள்ளையின் மரபணுவால் வந்ததா என்று பிரிக்க அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் மரபணுவும் வேண்டும். நார்வேயில் 1999 முதலே குடும்பம் குடும்பமாக ரத்தம் சேகரித்து வைத்தார்கள். மருந்தால் வரும் எல்லாத் தீங்கையும் இந்த வழி பிடித்துவிடாது. மருந்து தன் இலக்கைத் தாண்டி எங்கோ செய்யும் தீங்கு இதில் தெரியாது. அதற்கு, எந்தக் கர்ப்பிணி என்ன மருந்து சாப்பிட்டார், பிள்ளை எப்படி இருக்கிறது என்று குறித்துவைக்கும் பதிவேடுதான் வேண்டும்.

அதற்கும் நம்மிடம் ஆள் இருக்கிறது. வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் 1998 முதல் பதிவேடு நடத்துகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கெல்லாம் பிக்மி எண் என்று அரசின் கர்ப்பப் பதிவு எண் தருகிறார்கள். ஜீனோம் இந்தியா என்ற அரசுத் திட்டத்தில் சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுவைப் படித்தாகிவிட்டது. இவை தனித்தனியாகக் கிடக்கின்றன. ஐரோப்பியர்களிடம் கிடைத்த மரபணுத் துப்பு நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. தயவுசெய்து, விருப்பமுள்ள குடும்பங்களிடம் மூவரின் ரத்தத்தையும், கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட மருந்தின் பெயர், அளவு, தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் தருகிறோம். பாதி மாத்திரை போட்ட தேதிகூட என் நோட்டில் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: மகள் வளர்ந்து, வேண்டாம் என்று சொன்னால், அவளுடையதை அழித்துவிட வேண்டும்.