செயலாளரின் ஆண்டறிக்கை: கடைசி வளவுப் பூனைகளின் இடமாற்றம்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடிகான், ஒழுங்கை முனை மின்விளக்கு, குப்பை ஏற்றும் நாள் ஆகியவை மாதக் கூட்டங்களிலேயே பேசி முடிந்துவிட்டன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் சங்கம் மிகவும் பாடுபட்டது பூனைகளுக்காக. அதனால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்புவது நாம் தினமும் பார்ப்பதுதான். எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவும் கைமாறியது. அங்கே கிணற்றடியில் ஏழு பூனைகள் இருந்தன. எல்லாம் ஆளைக் கண்டால் மதிலேறி ஓடுகிறவை, வீட்டுக்குள் வளர்க்க யாரிடமும் கொடுக்க முடியாது. தெருப்பூனைக்குக் கருத்தடை செய்து, விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் நல்ல முறை. வெறுமனே அகற்றினால், தீனும் ஒதுங்கிடமும் உள்ளவரை வேறு பூனைகள் வந்து குடியேறும். ஆனால் இங்கே அந்த இடமே இல்லாமல் போகப்போகிறது. வேறு வழியில்லை என்று தெரிந்த பிறகே இடமாற்றத்துக்குச் சம்மதித்தோம்.

சாக்கில் கட்டி மீன் சந்தையடியில் விடலாம் என்றார் ஓர் அங்கத்தவர். அப்படி விட்டால் பூனை அங்கே தங்காது. பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டு, காலி வீதியிலோ கடலோர ரயில் பாதையிலோ அடிபட்டுச் சாகும். பெத்தகான ஈரநிலத்தில் விடலாம் என்று இன்னொருவர் சொன்னார். கொழும்பு 2018இல் தன் ஈரநிலங்களுக்காக, ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. மீன்பிடிப் பூனை என்ற காட்டு விலங்கு இன்னும் வாழும் சதுப்புகள் அவை. எங்கள் பூனைகள் அங்கே போனால் பறவைகளுக்கு அழிவு, நோய் தொற்றினால் மீன்பிடிப் பூனைக்கும் ஆபத்து. இரண்டையும் செயற்குழு மறுத்தது, அது சரியான முடிவு என்றே இப்போதும் நம்புகிறேன்.

அப்புறம்தான் சிலாபம் பக்கத்துத் தென்னந்தோட்டம் கிடைத்தது, அங்கத்தவர் ஒருவரின் மைத்துனருடையது. பெருந்தெரு தூரம், நாய் இல்லை, கொப்பரா மடுவத்தில் எலித் தொல்லை. எல்லாவற்றையும்விட, தினமும் சாப்பாடு வைக்க அங்கேயே குடியிருக்கும் ஓர் அம்மா சம்மதித்தார். சோறு வைக்க ஆள் இல்லாத இடத்துக்குப் பூனையை அனுப்பக்கூடாது. எலி பிடித்தே அது வயிறு வளர்த்துக்கொள்ளும் என்பது தவறான நம்பிக்கை.

பொறிக்கூட்டைத் திறந்தபடியே வைத்து உள்ளே சாப்பாடு போட்டுப் பழக்கினோம். பிடிக்கும் நாளுக்கு முன் பட்டினி, பிறகு ரின்மீன். கதவு விழுந்த கணமே துணியால் மூடவேண்டும். இருட்டில் பூனை அடங்கிவிடும். மிருக வைத்தியர் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, அது தெரியக் காது நுனியில் அடையாளமும் இட்டார். தைப்பொங்கல் கழிந்து மழை விட்டதும் ஒரே வான் வண்டியில் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுபோனோம். கூடிவாழ்ந்தவற்றைப் பிரித்தால் புதிய இடத்தில் ஒட்டாது. வழியில் எந்தக் கூட்டையும் திறக்கவில்லை.

உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது. மடுவத்தின் ஒரு பகுதியைக் கம்பிவலையால் மேலும் பக்கமும் அடைத்து, ஒளிந்துகொள்ள மரப்பெட்டிகள், மணல் தட்டு, தண்ணீர் வைத்து, மூன்று வாரத்துக்கு மேல் உள்ளேயே வைத்திருந்தோம். இரண்டு முதல் நான்கு வாரம் அடைத்து வைத்தால்தான் அந்த இடத்தின் மணமும் சத்தமும் பழகி, சாப்பாடு கிடைப்பது இங்கேதான் என்று மனதில் பதியும். முதல் நாட்களில் அவை கத்தியதைக் கேட்டு, பாவம், திறந்துவிடுங்கள் என்று சிலர் தொலைபேசியில் வற்புறுத்தினார்கள். அந்த இரக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் திறந்தால் அவற்றைத் தொலைத்துவிடுவோம். அந்த அம்மா தினமும் ஒரே நேரத்தில் தகரத்தைத் தட்டிச் சாப்பாடு வைத்தார். கதவு திறந்த பிறகும் வலையைப் பிரிக்காமல் உள்ளேயே சாப்பாடு வைத்தார். ஆறு பூனைகள் இன்றும் தகரச் சத்தத்துக்கு வருகின்றன. பெரிய கடுவன் மட்டும் திரும்பவில்லை. அந்த அம்மா அதற்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வருடம் ஒழுங்கையில் மீதியுள்ள பூனைகளுக்குக் கருத்தடை செய்து இங்கேயே விட விரும்புகிறோம். அதற்கும், சிலாபத்துக்கு மாதாந்தம் தீனிச் செலவு அனுப்பவும், தனி நிதி ஒன்று ஒதுக்கச் சபையின் அனுமதியைக் கோருகிறேன்.