சம்பளம் கூடினால் இ.எஸ்.ஐ. போய்விடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை, பெங்களூரு ஐ.டி. ஊழியர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் சேலத்தில் மில், சாய ஆலை, சேகோ ஆலை, பட்டறை என்று வேலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் என்றால் முதலில் இ.எஸ்.ஐ.தான், அதாவது அரசு நடத்தும் தொழிலாளர் காப்பீடு. அதிலிருந்து வெளியே போகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு சாய ஆலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். தீபாவளிக்கு முன்னால் சம்பள உயர்வுப் பட்டியல் போடும்போது பாய்லர் பார்க்கிற அண்ணன் மேசைக்கு வந்து நின்றார். "இந்த வாட்டி எனக்கு ஏத்த வேண்டாம்மா. ஏத்துனா இ.எஸ்.ஐ. போயிருமாமே? அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கிட்டு இருக்குது. வேணும்னா ஓ.டி.ல போட்டுக் குடுத்துருங்க" என்றார். அவர் வாங்குவது 20,600. ஆயிரம் ரூபாய் ஏற்றினால் இ.எஸ்.ஐ.க்கு உரிய மாதச் சம்பள வரம்பான 21,000-ஐத் தாண்டிவிடுவார்.

அவர் கேட்டது விவரம் தெரிந்துதான். வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைம் தொகையைச் சேர்ப்பதில்லை.  அதனால் பல இடங்களில் சம்பள உயர்வு ஓ.டி. என்ற பெயரில் போய்விடுகிறது. ஓ.டி.க்கு பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கணக்கிலும் அது வராது. ஆக, அம்மாவின் சிகிச்சை நிற்காமல் இருக்கத் தன் வயதான காலத்துப் பணத்தை விட்டுக்கொடுக்கிறார். முதலாளிக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வரம்பைத் தாண்டியதும் மறுநாளே கார்டு செல்லாமல் போய்விடாது. சம்பளத்தில் சந்தா பிடிப்பதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு சந்தாக் காலம் உண்டு. நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்த ஆறு மாதம் முடியும்வரை பிடித்தம் தொடரும், அதற்கான பலன் காலமும், அதாவது வைத்தியம் கிடைக்கும் காலமும், பின்னால் ஓடும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பாய்லர் அண்ணனுக்கு இப்போது மாதம் 155 ரூபாய் பிடிக்கிறோம், முதலாளி பங்கு 670. அந்த 825 ரூபாயில் அவர், மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் தாய் எல்லாருக்கும் வைத்தியம். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரைகூட அதில் அடக்கம். சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்ற தொகை வரம்பு இல்லை. அவரே படுத்துவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். எந்தத் தனியார் கம்பெனி இந்த விலைக்கு இதைத் தரும்?

இந்த வரம்பு முன்பெல்லாம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. 2004-ல் 7,500 ஆக இருந்தது, 2006-ல் 10,000, 2010-ல் 15,000, 2017 ஜனவரியில் 21,000. அதோடு நின்றுவிட்டது. இடையில் 2019 ஜூலையில் மொத்தச் சந்தாவை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். முதலாளிகளுக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த 21,000 அசையவில்லை. 2017-ல் எங்கள் ஊரில் 21,000 வாங்கியவர் சூப்பர்வைசர். இன்று அனுபவமுள்ள ஃபிட்டருக்கே அது போதாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 22,000 வாங்குகிறவரின் வருமானம் ஆண்டுக்கு 2,64,000. அங்கேயும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது முதலாளி மனது வைத்து ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கிற குரூப் பாலிசி ஒன்றுதான். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை வெளியிட்ட உத்தரவில் தொழிற்சாலை திறக்க வேண்டுமானால் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று இருந்தது. ஊரடங்கோடு அந்தப் பேச்சும் போய்விட்டது.

எங்கள் ஆலையில் வரம்பைத் தாண்டியவர்களுக்குக் குரூப் பாலிசி இருக்கிறது. ரினீவலுக்கு வந்த தாளைப் பார்த்தபோதுதான் தங்கள் கட்டுரை சொல்லும் விலையேற்றம் எனக்கும் உறைத்தது. முந்தைய வருடம் ஒருவருக்கு இதய ஆபரேஷன், இன்னொருவரின் மனைவிக்குப் புற்றுநோய். ஆயிரம் பேர் இருக்கும் கம்பெனியில் இந்த இரண்டு கிளெய்மும் தெரியவே தெரியாது. பத்துப் பதினைந்து பேர் உள்ள குழுவில் கட்டியதைவிட வாங்கியது அதிகமாகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பிரீமியம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கேட்டார்கள். முடியாது என்றால் வழி சொன்னார்கள்: பெற்றோரை எடுத்துவிடுங்கள், அறை வாடகைக்கு வரம்பு வையுங்கள், பில்லில் பத்து சதவீதத்தை ஊழியரே கட்டட்டும். மூன்றுக்கும் தலையாட்டிய பிறகுதான் தொகை பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்தது.

அறை வாடகை வரம்பு என்பது கேட்க சாதாரணமாக இருக்கும். மூன்று லட்ச ரூபாய் பாலிசிக்கு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. அந்த வாடகையில் அறை காலி இல்லை என்று 5,000 ரூபாய் அறையில் சேர்த்தால், கூடுதல் 2,000-ஐ மட்டும் கட்டினால் தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இது டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில்தான் தெரியவரும்.

இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரியை எடுத்துவிட்டார்கள். குரூப் பாலிசிக்கு எடுக்கவில்லை. ஜவுளிக்கடை முதலாளி தன் குடும்பத்துக்கு எடுக்கும் பாலிசிக்கு வரி இல்லை. கடையில் துணி மடிக்கிறவர்களுக்கு எடுத்தால் வரி உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தாத பாலிசி என்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது முதலாளி கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, திரும்ப எடுக்கவும் முடியாது. இதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவே இல்லை.

இ.எஸ்.ஐ.யில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. டிஸ்பென்சரியில் அரை நாள் காத்திருப்பு, "இந்த மாத்திரை அடுத்த வாரம்தான் வரும்" என்ற பதில், ரெஃபரல் கடிதத்துக்கு அலைச்சல் எல்லாம் உண்டு. குரூப் பாலிசி கார்டோடு போகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை தனி. ஆனால் அந்த மரியாதை வேலை இருக்கும்வரைதான். வேலையை விட்டால் அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. ஐம்பது வயதுக்காரருக்கு அதன் விலையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி மருத்துவ வசதி செய்து தருவது எஸ்டேட்டின் பொறுப்பாக இருந்தது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்கு அதுவும் இல்லை. புதிய சட்டத் தொகுப்பில் தோட்ட முதலாளி விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம். தொழிலாளி விரும்பினால் அல்ல. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரும் முதலாளியின் விருப்பத்தைக் கேட்டுவிட்டு நோயில் விழுவதில்லை.

ஓய்வுபெற்றவர்கள் விஷயத்தில் இ.எஸ்.ஐ. கழகமே வழி காட்டியிருக்கிறது. ஐந்து வருடமாவது சந்தா கட்டி ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தனக்கும் துணைக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டியதால் வெளியேறி, 30,000 வரை சம்பளம் வாங்கி ஓய்வுபெற்றவர்களுக்கும் இதைத் தரலாம் என்று 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு திறக்கும் கதவை, வேலையில் இருக்கும்போது ஏன் அடைத்து வைக்க வேண்டும்? வரம்பைத் தாண்டியவர் விரும்பினால் 21,000-க்கு உரிய சந்தாவைக் கட்டித் தொடரலாம் என்று ஒரு விதி போதும். முதலாளி பங்கையும் சேர்த்து மாதம் 840 ரூபாய் சொச்சம்தான். எங்கள் முதலாளி குரூப் பாலிசிக்கு ஒருவருக்குக் கட்டுவதைவிட அது குறைவு.

வரம்பை உயர்த்தப்போகிறார்கள் என்ற பேச்சு வருடா வருடம் அடிபடுகிறது. உயர்த்தினாலும் அடுத்த ஏழெட்டு வருடம் அதே இடத்தில் நிற்குமானால் மறுபடியும் இதே வரிசைதான் என் மேசை முன்னால் நிற்கும். அகவிலைப்படியைப் போல ஆண்டுதோறும் தானாக ஏறும்படி செய்யட்டும். சேலம், நாமக்கல், தர்மபுரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். ஏப்ரலில் அடுத்த சந்தாக் காலம் தொடங்குகிறது. பாய்லர் அண்ணனின் உயர்வை அதுவரை பட்டியலில் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொண்டலாம்பட்டி, சேலம்.