சேன் மாலோ போகிறோம், பட்டு ப்ளவுஸ் வேண்டும்

பாரிஸ்
ஜூன் 14

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் பாதியில் மாமா வாங்கிக்கொள்கிறார், அப்புறம் பிள்ளைகள், நான் சொல்ல வந்தது எதுவும் உன் காதுக்கு வந்து சேர்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செப்டம்பரில் நானும் செல்வியும் நாலு நாள் கடலோரம் போகிறோம். வேலைக்கு இல்லை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் இல்லை, சும்மா. இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷத்தில் எங்களுக்காக என்று போகிற முதல் பயணம் இது.

இடம் சேன் மாலோ, பிரான்சின் மேற்கே பிரிட்டனி பக்கம். சுற்றிலும் கோட்டைச் சுவர், அதற்குள் ஊர், வெளியே கடல். 1944 ஆகஸ்டில் குண்டு போட்டு ஊரில் பெரும்பகுதி இடிந்து கிடந்ததாம், பழைய கருங்கல்லையே பொறுக்கி எடுத்து முன்னே இருந்த மாதிரியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு, மாமாவிடம் சொல், ரசிப்பார். 1746-ல் இங்கிலீஷ்காரனிடமிருந்து சென்னப்பட்டணத்தைப் பிடித்தானே பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவன் லா பூர்தொனே, அவன் பிறந்த ஊர் இதுதான். பிடித்த ஊரைப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்றான் அவன், கூடாது என்றார் நம்ம பாண்டிச்சேரி கடற்கரையில் சிலையாக நிற்கிற கவர்னர் டூப்ளே. அந்தச் சண்டையில்தான் இரண்டு பேருக்கும் ஆகாமல் போனது.

இந்த ஊர் கடலுக்கு ஏற்ற இறக்கம் அதிகம். நம்ம கடல் ஏறி இறங்குவது இடுப்பளவு இருக்குமா? இங்கே பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகும், நாலு மாடி வீட்டு உயரம். தண்ணீர் வற்றினால் எதிரே இருக்கிற சின்னத் தீவுக்கு நடந்தே போகலாம், ஒரு பெரிய எழுத்தாளரின் சமாதி அங்கே தனியாகக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நேரம் தப்பினால் ஆறு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டியதுதான். அதனால் நான் முதலில் பார்த்தது ஓட்டலை அல்ல, கடல் ஏறி இறங்கும் அட்டவணையைத்தான். ஒவ்வொரு நாளுக்கும் 20-லிருந்து 120 வரை ஒரு எண் போடுகிறார்கள், நூறைத் தாண்டினால் பெரிய ஏற்ற இறக்கம். செப்டம்பர் கடைசியில் தாண்டும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். நான் பெர்மி, அதான் டிரைவிங் லைசென்ஸ், வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும், நாற்பது கேள்விக்கு முப்பத்தைந்து சரியாகச் சொல்ல வேண்டிய பரீட்சையில் நான் இரண்டு தடவை கோட்டை விட்டதும் தெரியும் (மாமாவுக்கு யார் சொன்னது?). மூன்று வருஷம் வரைக்கும் நான் கற்றுக்குட்டிதான், காரின் பின்னால் சிவப்பில் 'A' என்று ஒரு வில்லை ஒட்ட வேண்டும், மற்றவர்கள் 110-ல் போகிற ரோட்டில் நான் 100-க்கு மேல் போகக் கூடாது. போகவும் மாட்டேன். பிரிட்டனியில் சுங்கச்சாவடியே கிடையாது, அது ஒரு மிச்சம். எனக்கு இன்னும் பயமாக இருப்பது சின்ன ஊர்களின் குறுக்குச் சந்துகள்தான். பலகை எதுவும் இல்லையென்றால் வலது பக்கச் சந்திலிருந்து வருகிறவனுக்குத்தான் வழி, நாம் பெரிய தெருவில் போனாலும் சரி. ஒரு கிழவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரை நீட்டிக்கொண்டு வருவார், சட்டம் அவர் பக்கம்.

போன வருஷம் ஒரு நண்பன் குடும்பத்தோடு நார்மண்டி போனபோது வாடகைக் கார் கம்பெனியில் பட்ட பாடு சொன்னேனா? என் வங்கி அட்டையை நீட்டினேன், அதில் 'டெபிட்' என்று அச்சடித்திருக்கிறது, 'கிரெடிட்' அட்டைதான் வேண்டும் என்று அந்தப் பெண் கையை விரித்துவிட்டாள். கடைசியில் அவர்கள் சொன்ன இன்ஷூரன்ஸை எடுத்தால் சரி என்றார்கள், கிட்டத்தட்ட கார் வாடகை அளவுக்கே அதுவும் வந்தது. திருப்பிக் கொடுத்த பிறகு சக்கரத்தில் கீறல் என்று தனியாக ஒரு பில். அது முன்னாடியே இருந்த கீறல், ஆனால் நான் போட்டோ எடுத்து வைக்கவில்லையே. இந்த முறை கிரெடிட் அட்டை ஒன்று வாங்கிவிட்டேன், காரை வாங்கியதும் நாலு சக்கரத்தையும் கல்யாண ஆல்பம் மாதிரி எடுக்கப் போகிறேன். பாரிஸிலிருந்து ரென் என்ற ஊர் வரைக்கும் ரயில், ஒன்றரை மணி நேரம், அங்கே ஸ்டேஷனிலேயே காரை எடுத்துக்கொண்டால் சேன் மாலோ எழுபது கிலோமீட்டர்.

சரி, உண்மையில் சொல்ல வந்தது சாப்பாட்டைப் பற்றி.

சேன் மாலோவுக்குப் பக்கத்தில் கான்கால் என்று சிப்பிக்குப் பேர் போன ஊர். அங்கே ரோலாஞ்ஜே என்று ஒரு சமையல்காரர், பிறந்து வளர்ந்த வீட்டிலேயே உணவகம் நடத்தி 2006-ல் மிஷ்லின் கையேட்டின் மூன்று நட்சத்திரம், அதற்கு மேல் கிடையாது, அதை வாங்கியவர், உடம்பு முடியவில்லை என்று 2008-ல் திருப்பிக் கொடுத்துவிட்டார். மிளகு, ஏலக்காய், மஞ்சள் என்று நம்ம பக்கத்துச் சரக்குகளை மீனோடு சேர்த்துப் பேர் வாங்கினவர். இப்போது அவர் மகன் நடத்துகிற உணவகத்துக்கு 2025-ல் அதே மூன்று நட்சத்திரம். நான் வேலை செய்கிற உணவகத்துச் சமையல்கட்டில் அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. அங்கே மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கு இடம் சொல்லிவிட்டேன்.

திட்டாதே. செல்வி ஏற்கெனவே திட்டிவிட்டாள், அந்தக் காசுக்குத் தாலிச் செயினில் கொஞ்சம் தங்கம் சேர்த்திருக்கலாம் என்று. அவள் சொல்வதும் சரிதான். ஆனால் நான் நாலு வருஷம் இந்த மாதிரி ஓர் இடத்தில் தட்டு கழுவினவன் அக்கா. ஒரு ஆள் சாப்பிட்டு எழுந்தால் பதினைந்து தட்டு வரும், ஒவ்வொன்றும் ஒரு தினுசு, ஒரு விரல் ரேகை இருந்தால்கூடத் திரும்பி வந்துவிடும். யார் என்ன மிச்சம் வைத்தார்கள், யார் ரொட்டியால் சாற்றை வழித்துச் சாப்பிட்டார்கள் என்று தட்டைப் பார்த்தே சொல்லுவேன். ஆனால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது காய் நறுக்குகிற இடத்துக்கு வந்துவிட்டேன், அப்போதும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். மூன்று மணி நேரம் ஆகும். ஒயினும் கிடையாது, கற்றுக்குட்டி ஓட்டுநர் ஒரு கிளாஸ் குடித்தாலே மாட்டிக்கொள்வான். குழாய்த் தண்ணீர் ஜாடியில் கேட்டால் எந்த உணவகத்திலும் இலவசம், அதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை.

மற்ற நாளெல்லாம் சிக்கனம்தான். துறைமுகத்தில் ஒரு டஜன் சிப்பியும் எலுமிச்சம்பழமும் வாங்கி, சுவர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டு ஓட்டைக் கீழே கரையிலேயே வீசிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். செல்வி பச்சையாகச் சாப்பிடுவாளா தெரியவில்லை. இருக்கவே இருக்கிறது கலெத், கறுப்பாக ஒரு மாவில் தோசைக்கல் மாதிரிக் கல்லில் வார்த்து முட்டை உடைத்து ஊற்றித் தருவார்கள். மதியம் இரண்டு மணிக்குள் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும், அப்புறம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் மோன் சேன் மிஷேல், கடல் நடுவே பாறை மேல் மடம், படத்தில் பார்த்திருப்பாய்.

இப்போது உன் வேலை. செல்வி அந்த உணவகத்துக்கு மயில் கழுத்து நிறப் பட்டுதான் கட்டுவேன் என்கிறாள், ப்ளவுஸ் பத்தவில்லை. அவள் அளவு ப்ளவுஸ் உன் பீரோவில் இருக்கிறதாம். நம்ம டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வை, பக்கத்தில் இரண்டு விரல் துணி உள்ளே மடித்து விடச் சொல். ஆகஸ்ட் கடைசியில் இங்கே திரும்புகிற கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வான். கூடவே அரைக் கிலோ மிளகாய்த்தூள், அம்மா வறுத்து அரைத்தது. கடைத்தூள் வேண்டாம்.

உன் தம்பி