கடைசல் பயிற்சிக் கூடம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெற்றோருக்கும், கூடத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரத்தில் இளையோருக்காக நாம் நடத்திவரும் கடைசல் பயிற்சிக் கூடத்தின், அதாவது மரத்தை லேத் எந்திரத்தில் சுழலவிட்டு உளியால் கடையக் கற்றுத்தரும் கூடத்தின், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியவுள்ள ஓராண்டு நடவடிக்கைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தணிக்கை செய்த வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கப் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் அனுப்பப்பட்டுவிட்டன. அந்த வகையில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மரத்துக்கும் இல்லை. லேத் ஒன்று இலவசமாகத் தருகிறேன் என்று சொன்னவரையும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். இந்த ஆண்டு நமக்குக் குறைந்தது ஆள். அதாவது பெரிய ஆள். இந்த அறிக்கையில் பாதி அதைப் பற்றித்தான்.

ஓடும் லேத் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்பது நம் விதி. இரண்டு லேத்துக்கு ஒருவர் என்று தளர்த்தலாமே எனச் செயற்குழுவில் இருமுறை கேட்கப்பட்டது, நான் எதிர்த்தேன். காரணம் எளிது. உளியின் முனை மரத்தில் சிக்கிக் கட்டை தெறிப்பதோ, கைப்பிடி கையை உதறிக்கொண்டு போவதோ கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். அடுத்த லேத்திலிருந்து ஓடிவந்து தடுக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் சிக்கிய பிறகு காப்பாற்றுபவர் அல்ல. சிக்குவதற்கு முன்பே முழங்கையின் கோணத்தைப் பார்த்து, “கைப்பிடியை இறக்கு” என்று சொல்பவர்.

இதோடு இன்னொரு விதியும் உண்டு. கூடத்தில் எந்த நேரமும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனித்திருக்கக் கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இந்த இரண்டு விதிகளால் சில சனிக்கிழமைகளில் நான்கு லேத்தில் ஒன்று மட்டுமே ஓடியது. வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. பெற்றோர் சிலருக்கு வருத்தம் என்பது தெரியும்.

பயிற்சி பற்றி. முதல் நாளில் யாருக்கும் சுவிட்ச் கிடையாது. கட்டையை லேத்தின் இரு முனைகளுக்கிடையே பொருத்தி, உளி அமர்வதற்கான தாங்குகட்டையை மரத்துக்கு நெருக்கி வைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்ப்பது வரைதான் பாடம். பிறகு “தாங்கு, உரசு, வெட்டு.” உளி முதலில் தாங்குகட்டையில் அமர வேண்டும். அடுத்து உளியின் வெட்டு முனைக்குப் பின்னுள்ள சரிவு மரத்தில் வெறுமனே உரச வேண்டும். அதன் பிறகே கைப்பிடியை மெல்லத் தூக்கி வெட்ட விட வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் நம் கடைசல் அண்ணாச்சி இதையே, “மரத்துக்குள்ள உளியத் தள்ளாதல, மரம் உளிக்கு வரட்டும்” என்பார். அவர் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு ஏறுகிறது.

வேகத்துக்கு ஒரு கணக்கு சுவரில் எழுதியிருக்கிறோம். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, நிமிடத்துக்கான சுற்றுகளோடு பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் இருக்கலாம் என்பது கடைசல்காரர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் கைக்கணக்கு. நாம் 6000-ஐத் தாண்டுவதில்லை. ஆறங்குலக் கட்டை என்றால் 1000 சுற்று. இன்னும் உருளையாகாத மூலைக்கட்டை என்றால் அதிலும் பாதி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பெருக்கல் வகுத்தலைப் பள்ளிக்கூடக் கணக்கைவிட வேகமாகப் போடுகிறார்கள்.

லேத்தின் மையம் நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். நம் பிள்ளைகளின் உயரமோ பல தினுசு. அதற்காகப் பலகை மேடைகள் செய்து போட்டோம். இந்த ஆண்டில் உருப்படியான செலவு எது என்று கேட்டால் இதையும் சுவிட்ச் மாற்றியதையும்தான் சொல்வேன். கரண்ட் போய்த் திரும்பும்போது லேத் தானாக ஓடத் தொடங்குவதுதான் நம் ஊரில் பெரிய அபாயம். இப்போது எல்லா லேத்திலும், கரண்ட் வந்தாலும் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் போட்டாயிற்று.

துப்பட்டா, தொங்கும் ரிப்பன், வளையல், கைக்கடிகாரம், கையுறை எதுவும் கூடாது. பின்னலைக் கொண்டையாகச் சுற்றித் தொப்பிக்குள் விட வேண்டும். கோயிலில் கட்டிய கைக்கயிற்றை அவிழ்க்கச் சொன்னபோது இரண்டு வீட்டார் சண்டைக்கே வந்தார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஓர் ஆச்சி, “அத அரைஞாண் கயித்துல முடிஞ்சுக்கிடட்டும், சாமி ஒண்ணும் சொல்லாது” என்று தீர்ப்புச் சொன்னார். அதுவே இப்போது விதியாக இருக்கிறது.

மரத்தூள் பற்றிக் கண்டிப்பு போதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்து 1995-இல் வெளியிட்டது. உப்புத்தாள் தேய்ப்பது இனி வெளித்தாழ்வாரத்தில் மட்டுமே. முகக்கவசம் இல்லாமல் கிடையாது. பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மரம் வந்த கதை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சாய்ந்த பூவரசு, வேம்பு, கொய்யா மரங்களைப் பலர் விறகுக்குப் போடாமல் நமக்குத் தந்தார்கள். துண்டுகளின் இரு வெட்டு முகத்திலும் பெயின்ட் பூசி நிழலில் அடுக்கினோம். மரத்தின் ஈரம் வெட்டு முகம் வழியாகத்தான் விரைந்து வெளியேறும். அதை மூடாவிட்டால் அங்கிருந்தே வெடிப்புக் கிளம்பும். காற்றில் காய ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக்கணக்கு. ஆகவே மெல்லிய கொய்யாத் துண்டுகள் இந்த ஆண்டே பம்பரமாகிவிட்டன. கனமான பூவரசுத் துண்டுகளை 2026 வரை யாரும் தொடக் கூடாது. இதில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

நாகஸ்வர மேதை காருக்குறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நாகஸ்வரம் கடையலாமா என்று ஒரு பையன் கேட்காமல் இருப்பானா? கேட்டான். நரசிங்கம்பேட்டையில் அதைச் செய்பவர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சாமர உத்திரங்களையே தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். அதன் உள்துளையோ கீழே போகப் போக விரிந்துகொண்டு போவது. நம் கூடத்தில் முடியாது என்றோம். இப்போது அவன், வாயில் வைத்து ஊதும் சீவாளி வைக்காத, ஊதினாலும் சத்தம் வராத ஒன்றைப் பூவரசில் கடைந்துகொண்டிருக்கிறான். துண்டு எங்கிருந்து எடுத்தான் என்று நான் விசாரிக்கவில்லை.

அரக்குப் பயிற்சியை அண்ணாச்சி நடத்தினார். சாயமேற்றிய அரக்குக் குச்சியை ஓடும் மரத்தில் அழுத்தினால் உராயும் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும். தாழை மடலால் ஒற்றினால் பளபளப்பு வரும். அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான்களை முன்பு மஞ்சக்கடம்பில் கடைந்தார்கள். அந்த மரம் கிடைப்பது அரிதானபின் கிடைத்த மரங்களுக்கு மாறினார்கள். உரல், உலக்கை, குடம், அடுப்பு என்று ஒரு முழுச் செட்டைக் கடைந்து முடித்தவர்கள் இந்த ஆண்டு சிலரே. ஆனால் முடித்தவர்களின் குடத்தைப் பார்த்து அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அடுத்தது தகராறான விஷயம். பாபநாசம் சித்திரை விசுவுக்குக் கடை போட்டு, பிள்ளைகள் செய்த சொப்புகளை விற்று நிதி திரட்டலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்ததுதான். செயற்குழு அதை ஏற்கவில்லை. ஏன் என்பது பதிவாக வேண்டும். முதலாவது, 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொருள்களை விற்க 2021 ஜனவரி 1 முதல் தரமுத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. இரண்டாவது, விற்பனை என்று வந்தால் ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால் அவசரம் வரும், அவசரத்தில் பிள்ளை கற்பது நின்று வேலை பார்ப்பது தொடங்கிவிடும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் 2016 திருத்தமும் நமக்குத் தெரியாதவை அல்ல. மூன்றாவது எனக்கு முக்கியமானது: இதே ஊரில் இந்தத் தொழிலை நம்பி இருக்கும் பட்டறைகளின் எதிரே, கூலியில்லாமல் செய்த பொருளைக் குறைந்த விலைக்கு வைப்பது முறையல்ல. நமக்குக் கற்றுத் தருபவரே அந்தப் பட்டறையிலிருந்து வருகிறவர். பிள்ளைகள் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், தங்கைக்குக் கொடுக்கட்டும்.

ஆள் பற்றாக்குறைக்குக் கண்ட ஒரு வழியையும் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் யோசனைப்படி பழைய முறையில் ஒரு கயிற்றுக் கடைசலைக் கட்டினோம். மோட்டார் கிடையாது. ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும். தன் பக்கம் சுழலும்போது மட்டும் மற்றவர் உளியை வைப்பார். வேகம் குறைவு, உளி சிக்கினால் மரம் நின்றுவிடும், அவ்வளவுதான். இதில் மட்டும் இரண்டு சிறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் போதும் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறோம். எதிர்பாராத பலன் ஒன்றும் உண்டு. இழுக்கும் பிள்ளைக்கு உளி மொட்டையானது கயிற்றின் இழுவையிலேயே தெரிந்துவிடுகிறது. மோட்டார் லேத்தில் பழகியவர்கள் சாணை பிடிக்க எழுந்து போகவே சோம்பல்படுகிறார்கள். கயிறு இழுத்தவர்கள் கேட்காமலே போகிறார்கள். ஆகவே வரும் ஆண்டில் புதிதாகச் சேரும் எல்லோரும், வயது வேறுபாடின்றி, முதலில் கயிற்றுக் கடைசலில்தான் தொடங்குவார்கள்.

இலவச லேத் பற்றிய முடிவு: ஆள் சேரும் வரை வேண்டாம். ஆளில்லாத லேத் இடத்தை அடைக்கும்; அதோடு ஓட்டிப் பார்க்கலாமே என்ற ஆசையையும் கிளப்பும்.

பக்கத்தில் நிற்க முன்வருவோருக்குக் கடைசல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை காலை வர வேண்டும். முதல் இரண்டு மாதம் பார்ப்பது மட்டும். அதன்பின் அண்ணாச்சி உங்களையும் ஒரு மூலைக்கட்டையை உருளையாக்கச் சொல்வார், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம். அம்மாக்கள் இதுவரை ஒருவரும் எழுதவில்லை; எழுத வேண்டும். காப்பி அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
செயலாளர்