பழைய கார் விளம்பரங்களில் மூன்ரூஃப் விவரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கார் விற்பனை விளம்பரங்கள் பலவும் மாடல், ஆண்டு, ஓடிய தூரம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. மேற்கூரையில் மூன்ரூஃப் (கண்ணாடிச் சாளரம்) உண்டா என்று கேட்டால், "டாப் மாடல்தான் சார்" என்பதே பதிலாக வருகிறது. ஒரே மாடலில் ஒரு வேரியன்ட்டில் (வசதிகளால் வேறுபடும் வகையில்) அந்த வசதி இருக்கும், மற்றொன்றில் இராது. ஆண்டுக்கு ஆண்டு இது மாறுவதும் உண்டு என்பதால் இந்தப் பதில் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. கூரையில் கண்ணாடி தெரிந்தாலும், அது திறக்கக்கூடியதா அல்லது நிலையாகப் பொருத்தப்பட்டதா என்பதைப் புகைப்படம் காட்டாது.

பெங்களூரு வண்டிகளைத் தேடும் கிருஷ்ணகிரி, ஓசூர் மக்கள், எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட சேசிஸ் எண்ணை அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து, கார் எந்த வேரியன்ட் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. கார் வாங்கப்பட்ட பிறகு கூரையை வெட்டி மூன்ரூஃப் பொருத்தியிருந்தால், அது வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்கீழ் சிக்கலாகலாம். இதை விற்பவர்கள் வாய்திறந்து சொல்வது அபூர்வம். மூன்ரூஃபின் மூலைகளிலுள்ள வடிகுழாய்கள் அடைபட்டிருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும் என்பதால், கூரையின் உட்புறத்தில் கறை உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

வேரியன்ட்டின் முழுப் பெயரையும், கூரை திறந்த நிலையிலான ஒரு படத்தையும் விற்பனையாளர்கள் விளம்பரத்திலேயே தர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கிருஷ்ணகிரி